ஊர் எல்லைக்கு வெளிய ஒரு சேவல்

…இல்லம்மா, சேவல் கூவுதுன்னு புகார் படிவத்த பூர்த்தி பண்ணிட்டு வந்து நீட்டினா நான் என்ன பண்றது? கூவாதேன்னு அதுக்கு நோட்டீஸா அனுப்ப முடியும்? சரி, அனுப்பலாம். நாப்பத்தொண்ணாம் நம்பர் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஊருக்குள்ள கோழி ஆறு வரைக்கும் வெச்சுக்கலாம், சேவல் கூடவே கூடாது. ஊர் சபை கிளார்க்குங்கறதால நான்தான் டைப் அடிச்சேன். ஆனா அது ஊருக்குள்ள. நீங்க சொல்ற சேவல் ஊருக்கு வெளிய இருக்கு. உங்க வீடு உள்ள, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற சேவல் வெளிய. சத்தம் எல்லை தாண்டி வருதுங்கறீங்க. வரத்தான் செய்யும். சத்தத்துக்கு ஏது எல்லை? என் ரப்பர் ஸ்டாம்புக்கு இருக்கே.

உக்காருங்க. கம்ப்யூட்டர் எந்திரிக்க இன்னும் கொஞ்சம் நேரமாகும், அதுக்கும் என் வயசு. நாய்க்கு லைசென்ஸும் வேணும்னீங்கல்ல, அது வந்தப்புறம்தான் போட முடியும். அய்யோ, அந்த பலகை மேல சாயாதீங்கம்மா! பெயின்ட்டு… காஞ்சிடுச்சு, நாலு மாசமாச்சு. ஆனாலும் சாயாதீங்க. அது ஊரு வாசல்ல வைக்கறதுக்கு செஞ்ச பச்சை பலகை. "ஆஷ்பெண்ட், மக்கள்தொகை 1003." நல்லா இருக்குல்ல? வைக்க முடியல. அதான் என் ஆபீஸ்ல நிக்குது. வர்றவங்க எல்லாம் அது மேல சாஞ்சுட்டு, "என்ன வெர்னா, எப்ப வைக்கப் போறீங்க?"ன்னு என்னைய கேக்கறாங்க. நானா பலகைக்கு ஆர்டர் குடுத்தேன்? டுவேன் குடுத்தான். ஊர் சபை தலைவர்! வாஷிங்டன்லருந்து கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டான். எட்டாவது வரைக்கும் அவன் என் பக்கத்து பெஞ்சு. கேள்வி முடியறதுக்குள்ள கைய தூக்குவான். அப்பவே அப்படித்தான்.

நீங்க ஒமாஹாலருந்து வந்திருக்கீங்க, உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையா இருக்கும். அங்க அஞ்சு பேரு கூடினா கொறஞ்சா யாருக்கு தெரியும்? இங்க அஞ்சு பேர காணோம்னு ஊரே தேடிட்டிருக்கு. ஆமாம்மா, அஞ்சு பேரு. சிரிக்காதீங்க.

கேளுங்க. சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ. 2020 ஏப்ரல் ஒண்ணாந்தேதி யாரு எந்த வீட்டுல குடியிருந்தாங்களோ, அதான் கணக்கு. அன்னைக்கு நம்ம ஊருக்கு தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு. அதுக்கப்புறம் ஊரு எல்லைய மாத்தினா புது மேப்ப அனுப்பலாம். அவங்க புதுசா வந்து எண்ண மாட்டாங்க. அதே ஏப்ரல் ஒண்ணாந்தேதிய எடுத்து வெச்சுக்கிட்டு, புது கோட்டுக்குள்ள அன்னைக்கு யாரு யாரு இருந்தாங்கன்னு பாத்து, ஒரு நம்பர் போட்டு, முத்திரை குத்தி அனுப்புவாங்க. மனுஷன் நகர மாட்டான், கோடுதான் நகரும். இத இந்த ஊர்ல ஒருத்தருக்கும் என்னால புரிய வைக்க முடியல. கோஸாக் வீட்டுல ரெட்டப்புள்ள பொறந்துச்சு. அந்த அப்பங்காரன் ரெண்டையும் கைக்கொண்ணா தூக்கிட்டு இங்க வந்து நிக்கறான், "வெர்னா, எழுதிக்கங்க, ரெண்டு சேந்துச்சு"ன்னு. நான் என்ன எழுதறது? "உன் புள்ளைங்க 2030 வரைக்கும் பொறக்கலப்பா"ன்னேன். அவன் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் எங்கூட பேசறதில்ல.

நீங்களும் கெடையாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க ஒமாஹால இருந்தீங்க, அதனால ஒமாஹால இருக்கீங்க. உங்க வீட்டுல கணக்குப்படி இன்னமும் லிண்ட்குவிஸ்ட் அம்மாதான் இருக்காங்க. ஆமா, அவங்க தவறிட்டாங்க. அடக்கத்துக்கு நான் உருளக்கெழங்கு சாலட் எடுத்துட்டு போனேன். ஆனா ஏப்ரல் ஒண்ணாந்தேதி உசுரோட இருந்தாங்கல்ல, அப்ப ஒண்ணு. உங்க ரோட்டு முனையில முதியோர் இல்லம் இருக்கு பாருங்க, அங்க அன்னைக்கு இருந்தவங்கள்ல முக்காவாசி பேரு இப்ப சர்ச்சுக்கு பின்னால படுத்திருக்காங்க. எல்லாரும் கணக்குல உண்டு. செத்தும் கொடுத்தான்னு சொல்வாங்களே, அது இவங்கதான். இந்த ஊருக்கு உசுரோட இருக்கறவங்கள விட அவங்கதான் அதிகம் உதவி பண்ணிருக்காங்க.

ஏன் இந்த பாடுங்கறீங்களா? ஆம்புலன்ஸுக்குத்தான். தீயணைப்பு ஷெட்ல ஒரு வெள்ளை வண்டி நிக்குதே, பாத்தீங்களா? அது நம்ம ஊரோடது இல்ல, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பொதுவான கவுண்டி ஆபீஸோடது. இங்க நிக்குது, ஓட்டறது நம்ம ஆளுங்க. அவங்க இப்ப புதுசா ஒரு விதி போட்டுட்டாங்க. ஜனவரிலருந்து ஆயிரம் பேரு இருக்கற ஊர்லதான் வண்டி நிறுத்துவாங்களாம். வாயால சொன்னா ஆகாது, முத்திரை குத்தின நம்பர் வேணும். இல்லேன்னா வண்டி ஹாலிஸுக்கு போயிடும். முப்பத்திரெண்டு மைலு. நல்ல நாள்லயே நாப்பது நிமிஷம். பனி கொட்டினா, வந்து சேரும்போது ஆம்புலன்ஸுக்கு பதிலா பாதிரியாரே போதும்.

இந்த பேச்சு போன வருஷமே கவுண்டில அடிபட ஆரம்பிச்சாச்சு. அதனாலதான் உங்க ரோட்டையே ஊருக்குள்ள சேத்தோம். முதியோர் இல்லம், அப்புறம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற வீடுங்க. டுவேன் விரல் விட்டு எண்ணினான், நாப்பத்திரெண்டு பேரு. தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணும் நாப்பத்திரெண்டும் ஆயிரத்து மூணு. சபாஷ்! பலகை வந்தாச்சு. மேப்பு நான் வரைஞ்சேன். அதோ செவுத்துல ஒட்டிருக்கு பாருங்க, செவப்பு கோடு போட்டது. அந்த ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு துண்டு விட்டிருக்கே, அத பாக்காதீங்க, அது… அளவு சரியா வரல. காபி வேணுமா? காலைல போட்டது. வேண்டாம்னா நல்லது.

ஜூலைல கடுதாசி வந்துச்சு. நல்ல தடிப்பான காகிதம், முத்திரை, கையெழுத்து, எல்லாம் பிரமாதம். பிரிச்சா, தொள்ளாயிரத்து தொண்ணூத்தெட்டு. ஆயிரத்துக்கு ரெண்டு கம்மி. டுவேன் அந்த நாக்காலிலதான் இருந்தான். கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி போட்டுக்கிட்டு படிச்சான். நம்பர் மாறல.

அன்னைலருந்து தேடல்தாம்மா. பலகைல ஆயிரத்து மூணு, கடுதாசில தொள்ளாயிரத்து தொண்ணூத்தெட்டு, அஞ்சு பேரு எங்க? சர்ச்சுல ஜெபத்துக்கப்புறம் அறிவிப்பு. வெள்ளிக்கெழம ஃபுட்பால் மேட்ச்சு நடுவுல மைக்குல அறிவிப்பு. "2020ல இந்த ரோட்டுல இருந்த யாராவது எண்ணப்படாம விட்டுப்போயிருந்தா வெர்னாகிட்ட சொல்லவும்." என்கிட்டயாம்! மூணு பேரு கெடச்சாங்க. முதியோர் இல்லத்துல படுக்கை இருந்துச்சு, ஆளு இல்ல. அந்த மார்ச்சுல கொரோனா பயத்துல புள்ளைங்க வந்து மூணு பேர வீட்டுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. அங்கயே எண்ணிட்டாங்க. ஒருத்தர் கான்சாஸ்ல, ரெண்டு பேரு லிங்கன்ல. சரி, அது நியாயம். திருப்பி கேக்க முடியாது. ஆனா மீதி ரெண்டு பேரு? அந்த ரெண்டு பேரு கெடச்சா போதும், சரியா ஆயிரம், வண்டி இங்கயே நிக்கும்.

டுவேன் விடல. "வாஷிங்டன்ல எவனோ தூங்கிட்டான் வெர்னா, எழுது"ன்னான். எழுதினேன். மூணு கடுதாசி எழுதினேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூடு. "எங்கள் ஊரின் இரண்டு குடிமக்களைத் தாங்கள் தொலைத்துவிட்டீர்கள்"னு மூணாவதுல ஒரு வரி. நானே போட்டது. டுவேனுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு, கூட்டத்துல ரெண்டு தடவ வாசிச்சான். கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அங்கருந்து பதில் எப்படி வந்துச்சுங்கறீங்க? ரொம்ப மரியாதையா. நீங்க அனுப்பின கோட்டுக்குள்ள இருக்கறவங்கள எண்ணிட்டோம், கோட்டுல எதாவது விட்டுப்போயிருந்தா திருத்தின மேப்ப இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க, மறுபடி பாக்கறோம். அவ்வளவுதான். திட்டினவனுக்கு மரியாதையா பதில் சொல்றாங்க பாருங்க, அது மாதிரி கோவம் வர்ற விஷயம் வேற இல்ல.

இருங்க… இந்தா, தீயணைப்பு ஷெட்டு சங்கு ஊதுது. காத பொத்திக்கங்க.

…

சரி, முடிஞ்சுது. தீ ஒண்ணும் இல்லம்மா, மத்தியானம் ஆச்சு, அவ்வளவுதான். பன்னெண்டு மணிக்கு தெனமும் ஊதுவாங்க. பழகிடும். பள்ளிக்கூடத்துல இன்னைக்கு மிளகா சூப்பும் லவங்கப்பட்ட ரோலும். ஒமாஹாலயும் அப்படித்தானே தர்றாங்க? ரோல சூப்புல தொட்டு சாப்பிடறவங்க உண்டு, எங்க ஹார்லன் அப்படித்தான். பாக்க சகிக்காது. ஹார்லன், என் வீட்டுக்காரர். இந்த பிப்ரவரில தவறிட்டார். நன்றிம்மா. இல்ல, பரவால்ல.

என்ன கேட்டீங்க? அந்த துண்டா? நீங்க இன்னும் அந்த மேப்பதான் பாத்துக்கிட்டிருக்கீங்களா? அளவு சரியா வரலன்னு சொன்னேனேம்மா.

சரி. அளவெல்லாம் சரியாத்தான் வந்துச்சு. முப்பத்தோரு வருஷமா இந்த நாக்காலில உக்காந்திருக்கேன், எனக்கா கோடு போடத் தெரியாது? அது ஒரு வீடு. உங்க வீட்டுக்கு நேரெதிர்ல மஞ்ச வீடு, பின்னால கோழிக்கூடு. ஆமா, சேவல் இருக்கற வீடுதான்.

அது என் வீடு.

கதவு அந்தப் பக்கம் இருக்கும்மா, போகணும்னா போங்க. போகலையா? அப்ப முழுசா கேளுங்க.

ஹார்லன் ஒரு வெறுவாக்கலங்கெட்ட, பிடிவாதக்கார மனுஷன். "எங்கப்பன் ஊருக்கு வெளிய கவுண்டில பொறந்தான், நான் கவுண்டில பொறந்தேன், டுவேன் மாதிரி ஆளுக்கு கீழ குடியிருக்க மாட்டேன்"ன்னாரு. இதுக்கு நாப்பது வருஷமா அவனோட வாராவாரம் சீட்டு ஆடறவரு. அது வெறும் வாய். உண்மை என்னன்னா, சேவல். ஜெனரல்னு பேரு அதுக்கு. குஞ்சா இருந்தப்ப கூட்டுல மத்ததெல்லாம் கொத்தி ஒரு கால் ஊனமாயிடுச்சு. சமையக்கட்டுல அட்டப்பெட்டில வெச்சு, பல்பு போட்டு, சொட்டு மருந்து விடற குழாயால தண்ணி குடுத்து வளத்தாரு. எனக்கு காய்ச்சல் வந்தா ஒரு கஷாயம் வெச்சு குடுத்ததில்ல. வீடு ஊர் எல்லைக்கு உள்ள வந்தா நாப்பத்தொண்ணாம் நம்பர் சட்டம் வரும், ஜெனரல் போயாகணும். நான் டைப் அடிச்ச சட்டம், என் வீட்டு சேவல். அவரு ஒண்ணும் கேக்கல. மேப்பு வரையறன்னைக்கு மேஜைக்கு எதிர்ல வந்து உக்காந்தாரு, அவ்வளவுதான். பேசாம உக்காந்திருந்தாரு. அந்த மனுஷன் பேசாம இருந்தா எனக்கு தாங்காது.

நான் கணக்கு போட்டுதாம்மா செஞ்சேன். எங்க ரெண்டு பேர விட்டாலும் ஆயிரத்து ஒண்ணு வரும். போதும்ல? ஒரு ஆளு உபரி. அந்த மூணு படுக்கை காலின்னு எனக்கு என்ன கனவா? மேப்புக்கு சபை ஓட்டு போடற அன்னைக்கு லவங்கப்பட்ட ரோல் சுட்டு எடுத்துட்டு போனேன். சூடா இருந்துச்சு. சபைக்காரங்க அஞ்சு பேரும் ஒரு கையில ரோலு, ஒரு கையில பேனா. மேப்ப ஒருத்தரும் பாக்கல. ஆளுக்கொரு கையெழுத்து, சக்கரையோட. பாருங்க, அசல்ல இன்னமும் டுவேனோட கட்டைவிரல் ரேகை இருக்கு. ஊரே என்னைய ஊர்க்காரியா பாக்குது, என் வீடு வெளிய இருக்கும்னு எவனுக்கு தோணும்?

ஆக, ஊரே தேடற அந்த ரெண்டு பேர்ல ஒண்ணு நான். இன்னொண்ணு ஹார்லன். வாஷிங்டன்ல ஒருத்தனும் தூங்கல. நாங்க தொலையவும் இல்ல, அந்த செவப்பு கோட்டுக்கு நாப்பதடி தள்ளி உக்காந்திருந்தோம்.

எனக்கு ஜூலைலயே தெரியும். கடுதாசிய பிரிச்ச நிமிஷமே தெரியும். டுவேன் கண்ணாடிய தொடச்சுக்கிட்டிருந்தப்ப நான் செவுத்துல அந்த துண்டதான் பாத்தேன். சொல்லிருக்கணும். சொல்லல. மூணு கடுதாசி டைப் அடிச்சேன்.

ஏன்னா, சொன்னா ஜெனரல் போகணும். தெனமும் விடிகாலைல நாலு பத்துக்கு கூவறான். உங்களுக்கு எரிச்சலா இருக்குல்ல? இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஹார்லன் இருந்த வரைக்கும். அவன் கூவினா இவரு எந்திரிச்சு, செருப்ப தேடி, தட்டி, எதுலயாவது இடிச்சு, "எந்திரிச்சுட்டேன்டா, எந்திரிச்சுட்டேன்"ன்னு அவனுக்கு பதில் சொல்லுவாரு. இப்ப அவன் கூவறான், பதில் சொல்ல ஆளில்ல. நான் படுத்துக்கிட்டு கேட்டுட்டிருக்கேன். அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், இது யார்கிட்டயும் சொன்னதில்ல. பிப்ரவரில, காலைல, அடை மாதிரி பேன்கேக் சுட்டுட்டிருந்தேன். அவரு நாக்காலிலருந்து அப்படியே சரிஞ்சாரு. வெளிய முழங்கால் பனி. போன் பண்ணேன். எங்க வீடு ஊருக்கு வெளிய, நான்தானே கோடு போட்டேன்! ஆம்புலன்ஸ் ஓட்டற மெர்ல் அதெல்லாம் கேக்கல. தானியக் கிடங்குல வேலை செய்யறான்ல, அந்த தூசி படிஞ்ச தொப்பியோட ஏழே நிமிஷத்துல வண்டியோட வந்து நின்னான். ஏழு நிமிஷம்! டாக்டர் சொன்னாரு, ஹாலிஸ்லருந்து வந்திருந்தா வீட்டுலயே முடிஞ்சிருக்கும்னு. மெர்ல் வந்ததால பதினோரு நாள் இருந்தாரு. ஆஸ்பத்திரில, கண்ணு முழிச்சு, பேசிக்கிட்டு. நாப்பத்திநாலு வருஷத்துல பேசாததெல்லாம் அந்த பதினோரு நாள்ல பேசினோம். பாதி சேவலப் பத்தித்தான். இருந்தாலும்.

அந்த வண்டிதாம்மா ஜனவரில போகப் போகுது. என் கோட்டால. அடுத்து எவ வீட்டு சமையக்கட்டுல எவன் சரிவானோ, அவளுக்கு அந்த பதினோரு நாள் கெடைக்காது. இத தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஒருத்தி சேவல் கூவறத கேட்டுட்டு படுத்திருக்கா. எனக்கு வெக்கமா இருக்கு. ஜூலைலருந்து வெக்கமாத்தான் இருக்கு.

சரி. நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த கீழ் இழுப்பறை இறுகும், இழுங்க… ஆங். அந்த மஞ்ச உறை. "இந்த மனையை ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ள உரிமையாளர் தாமாக வேண்டுகிறார்." ஆகஸ்ட்லயே டைப் அடிச்சுட்டேன். தேதி மட்டும் போடல. வீடு இப்ப என் பேர்லதான் இருக்கு, நான் போட்டா போதும். ஒரு சாட்சி வேணும், ஊர்கிட்ட சம்பளம் வாங்காத ஆளா இருக்கணும். டுவேன் ஆகாது. மெர்ல் ஆகாது. இங்க எல்லாருக்கும் ஊர்லருந்து எதோ ஒண்ணு வருது. நீங்க வந்து மூணு வாரந்தானே ஆச்சு, உங்களுக்கு இன்னும் யாரும் ஒண்ணும் குடுக்கல. நீங்கதான் சரி.

பேனா அது எழுதாது, இத வெச்சுக்கங்க.

என் கையெழுத்து. இதோ. நீங்க இங்க. முழுப் பேரு. டெஸ்ஸா, ம்… ஹோவர்டன். தேதி. நாளைக்கு சாயந்தரம் சபை கூட்டம். நானே எந்திரிச்சு சொல்லிடுவேன். ரோல் எடுத்துட்டு போக மாட்டேன், வெறுங்கையோடதான் போவேன். எல்லாரும் மேப்ப பாக்கட்டும். டுவேன் என்ன சொல்லுவானோ சொல்லட்டும். சீட்டுக்கு நாலாவது ஆளு இல்லாம அவனும் பிப்ரவரிலருந்து தவிச்சுக்கிட்டுதான் இருக்கான்.

இத அனுப்பினா ஆயிரம். அந்த பலகைல மூண அழிச்சு சைபர் போட்டா போதும், மெர்ல் பத்து நிமிஷத்துல போட்டுருவான். ஹார்லன் ஊர்க்காரராயிடுவாரு. கடைசி வரைக்கும் மாட்டேன் மாட்டேன்னாரு, பாருங்க. ஆயிரமாவது ஆளு அவருதான்.

கம்ப்யூட்டர் எந்திரிச்சுடுச்சு. நாய்க்கு பேரு என்ன சொன்னீங்க? இருங்க, அது அப்புறம். முதல்ல உங்க புகார குடுங்க. அது எங்க, மடிச்சு பைக்குள்ள வெக்கறீங்க? வெளிய எடுங்கம்மா. அரசாங்க படிவம், பூர்த்தி பண்ணிட்டா அது என்னோடது. இதுவரைக்கும் என் எல்லைக்குள்ள இல்ல, வாங்க முடியல. நாளைக்கு ஓட்டு விழுந்ததும் உள்ள வந்துடும். வாங்கித்தான் ஆகணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், நான் டைப் அடிச்சதுங்கறதால எனக்கு மட்டும் வேறயா?

ஆங். குடுத்துட்டீங்க. நாளைக்கு தேதி போட்டு வெச்சுக்கறேன். சட்டப்படி புகார் வந்த நாள்லருந்து பத்து நாளைக்குள்ள சேவல அப்புறப்படுத்தணும். மெர்லுக்கு நாலு மைல் தள்ளி பண்ணை இருக்கு, கேட்டா வெச்சுக்குவான். பத்து நாள்.

டெஸ்ஸாம்மா… நீங்க ஒப்புக்கிட்டாதான். புகார் குடுத்தவங்க சம்மதிச்சா தவணைய நீட்டிக்கலாம்னு ஒரு வரி உண்டு, அதையும் நான்தான் டைப் அடிச்சேன். ரொம்ப வேண்டாம். ஒரே ஒரு நாள். பதினொண்ணுன்னு போட்டுக்கட்டுமா?